கறுப்பின் அடியில் புள்ளி

முதல் பக்கத்திலேயே அவள் கண் நின்றுவிட்டது.

மாநிறம்.

அவள் எழுதியிருந்தது கறுப்பு. அந்தச் சொல்லின் மேல் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில், அமலநாதன் சாரின் குண்டு குண்டான கையெழுத்தில், மாநிறம்.

அடுத்த தாளைப் புரட்டினாள். அங்கேயும்.

அவள் மொழிபெயர்த்த நாவலின் நாயகி அமெரிக்காவில் ஒரு கறுப்பினச் சிறுமி. எழுதியவரும் கறுப்பினப் பெண்தான். வருடக்கணக்கில் அந்தச் சிறுமியோடு குடித்தனம் நடத்தி, கையைப் பிடித்துத் தமிழுக்குக் கூட்டி வந்திருந்தாள் இவள். வந்து இறங்கியதும் பெண்ணுக்கு நிறம் மாறிவிட்டது.

மேசைக்கு எதிரே அமலநாதன் சார் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பதிப்பாளர். கெட்டவர் இல்லை. இதையெல்லாம் தமிழில் யார் படிப்பார்கள் என்று மற்றவர்கள் கைவிரித்தபோது, கொண்டாம்மா பார்ப்போம் என்றவர். இப்போது புத்தகக் காட்சியில் காலேஜ் பெண்கள் வந்து நின்று, கறுப்பினப் பெண்கள் எழுதியது வேற இருக்கா சார் என்று கேட்கிறார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போகிறவர்.

"பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு கறுப்புன்னு வருதும்மா. நல்ல புள்ள அது, பாவம். எனக்கே மனசு கேக்கல."

அன்பாகத்தான் சொன்னார்.

அதுதான் கஷ்டம்.

அவள் வீட்டிலும் எல்லாரும் அன்பானவர்கள். கைக்குழந்தையாய் இருந்த அவளுக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கப் போன அம்மாவிடம், இவளுக்கு மையில வெச்சா எங்க தெரியப்போவுது, சுண்ணாம்புல வையி என்று சிரித்த அத்தைதான், அவளைத் தோளை விட்டு இறக்காமல் வளர்த்தவள். கல்யாண விளம்பரத்துக்கு மாநிறம் என்று எழுதிக் கொடுத்த அப்பா, மற்றபடி பொய்யே சொல்லத் தெரியாதவர்.

நாவலின் கடைசியில் எழுத்தாளர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். முதல் பதிப்பு வந்தபோது, கறுத்த முகம் கடையில் விற்காது என்று, அட்டையில் ஒரு வெளுத்த பெண்ணைப் போட்டார்களாம். புத்தகத்தைக் கையில் வாங்கிய அவர் அம்மா, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யாருடி இது என்று கேட்டாளாம்.

அந்த வரியைத் தமிழில் எழுதியபோது இவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

பேனாவைத் திறந்தாள். கறுப்பு மை.

மெய்ப்புப் பார்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடித்த சொல் திரும்ப வேண்டுமென்றால், அதன் அடியில் வரிசையாகப் புள்ளி வைப்பார்கள். திருத்தம் வேண்டாம், முன்பு இருந்தபடியே இருக்கட்டும் என்று அர்த்தம்.

கறுப்பு.

அதன் அடியில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தாள். குழந்தையின் கன்னத்தில் வைக்கிற மாதிரி, அழுத்தாமல்.

இந்த மை நன்றாகத் தெரிந்தது.

அடுத்த பக்கம். அதற்கடுத்தது.

எல்லா எடத்துலயுமா என்று அமலநாதன் சார் மெதுவாகக் கேட்டார். தலையாட்டினாள். அவர் கொஞ்ச நேரம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டீயைத் தள்ளி வைத்துவிட்டு, சிவப்புக் கோடு விழுந்த தாள்களாகப் பொறுக்கி, ஒவ்வொன்றாக அவளிடம் நீட்ட ஆரம்பித்தார்.

கடைசியாக நீட்டியது பின்னட்டை.

மொழிபெயர்த்தவர் என்று போட்டு, அவள் பெயர். பெயருக்கு மேலே அவள் படம். டிசைனர் முகத்தில் கொஞ்சம் தாராளமாகவே வெளிச்சம் ஏற்றியிருந்தார்.

"இது அம்சமா வந்திருக்குல்லம்மா?" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

படத்தைப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு அதன் அடியில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, புள்ளி வைக்கத் தொடங்கினாள்.