வாயாடிப் பட்டம்

"கணக்கு டீச்சர் யாருங்க?"

கேட்டுக்கொண்டே வகுப்பறைக்குள் நுழைந்தாள் அம்மா. பள்ளி விட்டுப் பிள்ளைகள் போயாகிவிட்டது. கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"நான்தாங்க. உட்காருங்க."

"உட்கார வரலை. என் பொண்ணை எதுக்கு நேத்து கடைசி பெஞ்சுக்குத் தள்ளினீங்க? அதைக் கேட்கத்தான் வந்தேன்."

மகள் சொல்லி வந்த சேதி இல்லை இது. அது வாயைத் திறந்தால்தானே? காலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து பற்ற வைத்துவிட்டுப் போனது.

"வகுப்புல ரொம்பப் பேசுறா. அதான்," என்றார் டீச்சர், கையிலிருந்த டஸ்டரைப் பார்த்தபடி.

அம்மாவுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன.

"என் பொண்ணா? குழம்புல உப்பு இல்லைன்னாகூடச் சொல்லாம சாப்பிட்டு எழுந்திருக்கும். அதுவா பேசுது? நேராச் சொல்லுங்க டீச்சர். குண்டா இருக்கா, பின்னாடி இருக்கறவங்களுக்கு போர்டு மறைக்குது. இல்லன்னா மார்க் குறைஞ்சதுக்குத் தண்டனை. ரெண்டுல ஒண்ணு."

டீச்சர் மறுபடி பலகையைத் துடைக்கத் திரும்பினார். அதையே சம்மதம் என்று அம்மா எடுத்துக்கொண்டாள்.

"கணக்குல எப்பவும் முதல் மார்க் வாங்கின பிள்ளை, இந்தப் பரீட்சையில பாஸ் மார்க்கைத் தொட்டுக்கிட்டு நிக்குது. ரெண்டு மாசமா மத்தியானச் சாப்பாடு அப்படியே திரும்பி வருது. கேட்டா பசிக்கலைங்குது. ஸ்கூலுக்கே போகலைன்னு அழுவுது. இதுல கடைசி பெஞ்சு வேறயா? அவளைப் பழையபடி முதல் பெஞ்சுக்கு மாத்துங்க. அதுவரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு எழுந்திரிக்க மாட்டேன்."

சொன்னதோடு நிற்காமல், மகள் உட்கார்ந்திருந்த முதல் பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள் என்பதைவிட, செருகிக்கொண்டாள் என்பதே சரி. பெஞ்சும் மேஜையும் ஒரே இரும்புச் சட்டத்தில் நட்டுப் போட்டு முடுக்கப்பட்டவை. நகர்த்த வழியில்லை. மேஜை விளிம்பு வயிற்றை அழுத்தியது. ஒருக்களித்தாள், இடுப்பு இடித்தது. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. தாயைப் போல பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள்?

டீச்சர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து கை கொடுத்தார்.

"மூச்சை உள்ளே இழுத்துக்கிட்டு இந்தப் பக்கமா வாங்க. அவளும் இப்படித்தான் வருவா."

வெளியே வந்த அம்மாவுக்கு, வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்திருந்த வசவில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"பரீட்சை அன்னிக்குத்தான் கவனிச்சேன்," டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "மூச்சைப் பிடிச்சுக்கிட்டே எழுதுறா. பாதிப் பேப்பர் வெள்ளையா இருக்கு. எழுதின கணக்கு ஒண்ணுகூடத் தப்பில்லை."

சாப்பாடு ஏன் திரும்பி வந்தது என்று அம்மாவுக்கு இப்போது புரிந்தது. பசிக்காமல் இல்லை. பாவி மகள், இந்த இடுக்குக்குள் நுழைய உடம்பை வற்ற வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அந்தக் கடைசி பெஞ்சு?"

"அதுல நட்டு தானா கழண்டுடுச்சு. மேஜையைத் தள்ளிப் போட்டுக்கலாம்."

அம்மா போய்க் குனிந்து பார்த்தாள். தரையில் புதுசாக உதிர்ந்த துரு. டீச்சரின் கட்டைவிரலில் பிளாஸ்திரி. மேஜைமேல் திறந்து கிடந்த கைப்பையில், சீப்புக்கும் பேனாவுக்கும் நடுவே ஒரு ஸ்பானர்.

"வீட்டுக்காரர் வண்டியோடது," என்று டீச்சர் அவசரமாகப் பையை மூடினார். "காரணத்தைச் சொல்லி மாத்தினா மறுநாள் பள்ளிக்கூடம் வருவாளா? வாயாடின்னு மாத்தினா யாரும் சிரிக்க மாட்டாங்க. பிள்ளைங்க மத்தியில அது ஒரு மதிப்புதான். அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாங்க."

"என் வாயிலிருந்து வராது டீச்சர்."

பள்ளி வாசலில் மகள் காத்திருந்தாள். அம்மா முகத்தை 'உர்' என்று வைத்துக்கொண்டாள்.

"வகுப்புல ஓயாம பேசுறியாமே? இனிமே இப்படிப் புகார் வந்துச்சு, தோலை உரிச்சிடுவேன்."

மகள் சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள். காலியாக இருந்தது.

"நான் எங்கேம்மா பேசினேன்? முந்தாநாள் சாயங்காலம் டப்பாவை மறந்துட்டுத் திரும்பி வந்தேன். டீச்சர் தரையில உட்கார்ந்து நட்டோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாங்க. ஜன்னல் வழியா பார்த்தேன்."

அம்மா காலி டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்னு அவங்ககிட்ட சொல்லிடாதம்மா. பாவம், விரல் எல்லாம் ரத்தம். அவங்க சொன்னது பொய்யாயிடக் கூடாதேன்னுதான், இன்னிக்கு வகுப்புல ரெண்டு வார்த்தை பேச ஆரம்பிச்சிருக்கேன்."