தோள்மேல் ஒரு கை

செத்தவருக்கு மூன்று கைகள் இருந்தன.

திருவிடந்தை பஸ் ஸ்டாப் பக்கத்தில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனர் அது. பன்னீர்செல்வம், வயது 46 என்று போட்டு, பின்னால் மேகம், மேலே இரண்டு புறா. முகத்துக்கு மைதா மாவு பூசினாற்போல் வெள்ளையடித்து, மீசையைக் கன்னங்கரேலென்று வரைந்திருந்தார்கள். அவருடைய சொந்தக் கைகள் இரண்டும் ஒழுங்காகத் தொங்க, வலது தோளில் மட்டும் மூன்றாவதாக ஒரு கை கிடந்தது. விரல்கள் இருந்தன, மணிக்கட்டு இருந்தது. கைக்குரிய ஆளைத்தான் காணோம்.

பூவராகவன் காரை ஓரங்கட்டி, அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டான்.

அவனுக்கு சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. ஆனால் மனசெல்லாம் இன்ஸ்டாகிராமில் ‘எடிட்டிங் கொடுமை’ என்ற பெயரில் அவன் நடத்துகிற பக்கத்தில்தான். நடத்துவது யாரென்று வெளியே தெரியாது. பத்திரிகையோ விளம்பரமோ, எங்கே படத்தை வெட்டி ஒட்டிச் சொதப்பினாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. சிங்கப்பெருமாள் கோயில் மனைப்பிரிவுக்குப் பின்னால் எழும்பிய பனிமலை, புடவை விளம்பரத்தில் இரண்டு இடது கால்களோடு நின்ற பெண், வார இதழில் ஆறு விரலால் பாயசம் ஊற்றிய அம்மாள் எல்லாம் அவனிடம் மாட்டியவைதான். அடுத்தவன் கோணலைப் பார்ப்பதில் மனுஷனுக்கு அப்படியொரு ருசி.

இந்தப் படத்துக்குக் கீழே, ‘எமதர்மன் அவசரத்தில் கையை மறந்து விட்டுட்டுப் போயிட்டார்’ என்று எழுதிப் போட்டான்.

சாவு வீட்டுப் பேனராயிற்றே என்று ஒரு நிமிஷம் உறுத்தத்தான் செய்தது. ஜனங்கள் சிரிப்பது செத்தவரைப் பார்த்தா, பேனர் அடித்தவனைப் பார்த்துத்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். சாயங்காலத்துக்குள் ஊரே சிரித்துவிட்டது.

மறுநாள் காலையில் அந்தப் பக்கத்துக்கு ஒரு மெசேஜ் வந்தது. அனுப்பியவன் தேவா. கேளம்பாக்கத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவன், அந்தப் பேனரை அடித்தவனும் அவன்தான். படம் சுற்றிச் சுற்றிச் செத்தவருடைய சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப்புக்கே போய்விட்டதாம். மானம் போகிறது, மத்தியானத்துக்குள் பேனரை அவிழ்த்து எறிகிறோம் என்று பங்காளிகள் குதிக்கிறார்களாம். செத்தவருடைய சம்சாரம் மட்டும், ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரைக்கும் பேனர் இருக்கட்டும் என்று அழுதுகொண்டு கம்பத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறாளாம். தயவுபண்ணிப் படத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருந்தான்.

பூவராகவனுக்குச் சுருக்கென்றது. உடனே படத்தை நீக்கினான். அதோடு விட்டிருக்கலாம். வித்தை தெரிந்தவனின் கர்வம் விடுமா? தேவாவைப் போனில் கூப்பிட்டான்.

“படத்தைத் தூக்கிட்டேன். ஆனா ஒரு கையை அழிக்கறது அஞ்சு நிமிஷ வேலைங்க. அதைக்கூடச் செய்யாம எதுக்குக் கடை வச்சிருக்கீங்க?”

“அழிக்கத் தெரியும் சார்” என்றான் தேவா.

“அப்புறம் என்ன? ஒரிஜினல் போட்டோவை அனுப்புங்க. நான் சுத்தமா பண்ணித் தர்றேன். மத்தியானத்துக்குள்ள வேற பேனர் கட்டிடுங்க, சொந்தக்காரங்க வாயும் அடைஞ்சிடும்.”

பேசிக்கொண்டிருக்கும்போதே படம் வந்து விழுந்தது.

ஆயுத பூஜை அன்று எடுத்தது. வாழைக்கன்று கட்டிய வெள்ளை கேப் வண்டி. அதன் முன்னால் கறுத்த முகமும் நரைத்த மீசையுமாகச் சிரித்துக்கொண்டு நின்றவரை, வெள்ளையடிக்காமல் பார்த்ததும் பூவராகவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. டிரைவர் அண்ணா. நாலு வருஷம் அவனைத் தினமும் ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவர். போன தை மாதம் இவன் சொந்தக் கார் வாங்கியதோடு அந்தப் பழக்கம் நின்றுபோயிற்று. நாலு வருஷமும் அண்ணா என்றே கூப்பிட்டுப் பொழுது போய்விட்டதால், பெயர் என்னவென்று அவன் கேட்டதில்லை.

படத்தில் அவர் பக்கத்தில் நின்று, தோளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிப்பவன் பூவராகவனேதான். பண்டிகை உற்சாகத்தில் கை போட்டிருப்பான். அவனுக்கு நினைவுகூட இல்லை.

போனில் தேவா பேசிக்கொண்டே இருந்தான். “பக்கத்துல கீறாரே, அவரு உசுரோட கீற ஆளு சார். உசுரோட கீறவங்கள அஞ்சலி பேனர்ல போட்டா ஆவாது. அதான் ஆள மட்டும் தூக்கினேன். கையையும் எடுக்கப் போனேன், அந்தம்மா வுடல.”

“ஏன்?” என்று கேட்டான் பூவராகவன்.

“அவரு வண்டில எத்தினியோ பேரு போனாங்களாம், தோள்ல கை போட்டது இவரு ஒருத்தர்தானாம். அத்த வூட்ல சொல்லிகினே கெடப்பாராம். சாவு சொல்லி அனுப்பலாம்னா பேரு தெரியல, ஆபீஸ் கேப் புக் பண்ற ஆப்புல ஏறுறவங்க நம்பரும் காட்டாதாமே. ‘அந்த சாரு தெனமும் இந்த ரோட்டுலதான் போவாரு. பாத்தா அவரு கை அவருக்குத் தெரியாம போயிடுமா, காரியத்துக்காவது வந்துடுவாரு’ன்னு சொல்லித்தான் சார், அந்தம்மா கைய வுடச் சொல்லிச்சு.”