சீஸ் உருண்டை

“கொச்சம்மா, எனக்க பொண்டாட்டிக்குப் பேறுகால நோவு கண்டாச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக காரு தரணும்” என்றான் சமையற்காரன் சிலுவைதாசன். கீரிப்பாறை மலையில் அந்த ரப்பர் தோட்டத்துப் பங்களாவில் அன்று கிறிஸ்துமஸ் விருந்து.

மேனேஜரின் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “காரு திருவனந்தபுரம் போயிருக்கு. சீஸ் தீந்துபோச்சுன்னு நேத்து நீதானே சொன்ன?”

“ஆமா, கொச்சம்மா.”

“சீஸ் உருண்டை இல்லாம என்ன பார்ட்டி? மூணு மணிக்குக் காரு வந்திரும். அப்ப கொண்டு போ. இப்ப கிழங்கை அவி.”

மலையில் வேறு வண்டி கிடையாது. நாகர்கோவில் பஸ் காலையிலேயே போய்விட்டது. சிலுவைதாசன் உருளைக்கிழங்கை அவித்து மசித்தான். ரொட்டியைத் தூளாக்கினான். நிமிஷத்துக்கொரு தரம் ஜன்னலுக்கு ஓடினான்.

கார் நாலரைக்கு வந்தது. டிரைவர் நீட்டிய சீஸ் டின்னை மேசையில் போட்டுவிட்டு, அதே காரில் தன் வீட்டுக்குப் பறந்தான்.

வாசலில் பக்கத்து வீட்டு வேளாங்கண்ணி உட்கார்ந்திருந்தாள்.

“இனி காரு எதுக்கு மக்கா? தாயும் போயாச்சு, பிள்ளையும் போயாச்சு. காரு எங்க போச்சுன்னு கடைசிவரை கேட்டுட்டே கிடந்தா.”

அவன் உள்ளே போனான். பாயின் தலைமாட்டில் பங்களாவின் பழைய சீஸ் டின் இருந்தது. அவள் ஆசைப்பட்டுக் கேட்டாள் என்று முந்தாநாள் அவன் மடியில் ஒளித்துக் கொண்டுவந்தது.

சோப்பு மாதிரி இருக்கிறது என்று அவள் ஒரு வாய்க்குமேல் தின்னவில்லை. மிச்சம் இருந்தது ஒரு விருந்துக்குத் தாராளமாகப் போதும்.