தூணில் இடித்த கார்

"ஒரு விஷயம் சொல்லணும்மா. இது பின்பக்கம் இடிச்சு, சரிபண்ணின கார்."

காரை விற்கிற கூ என்ற பெரியவர் இப்படிச் சொன்னதும், வாங்க வந்த ஹேரினுக்குச் சுர்ரென்று ஏறியது.

"நேத்து போன்ல, விபத்தே இல்லாத கார்னு அடிச்சுச் சொன்னீங்களே ஐயா! லீவு போட்டுட்டு இஞ்சியோன்லேருந்து சுவோனுக்கு ஓடி வந்திருக்கேன்!"

அழுகையே வந்துவிட்டது. நடக்க முடியாத மகளை வாரம் மூன்று நாள் சியோல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு பஸ் மாறுகிறவள். அதைச் சொல்லி, கையிலிருந்த பணம் கேட்ட விலைக்கு எட்டவில்லை என்று வந்ததுமே கெஞ்சிப் பார்த்தாள். "கீறல் இல்லாத காரை எதுக்குக் குறைக்கணும்?" என்று பெரியவரின் மனைவி ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

இப்போது அந்த அம்மாளே அதிர்ந்து நின்றாள்.

"இடிச்சீங்களா? எப்போ? என்கிட்ட மூச்சு விடலையே!"

"பார்க்கிங் தூணுல... ரிவர்ஸ் எடுக்கும்போது. இன்சூரன்ஸுக்குப் போகாம கைக்காசுல சரிபண்ணிட்டேன்."

"முப்பது வருஷம் சிட்டி பஸ் ஓட்டினேன், ஒரு சைக்கிளைக்கூட உரசினதில்லைன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டீங்களே! கடைசியில அசையாம நிக்கிற தூணா?"

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஹேரின் தம்பிக்கு போன் போட்டாள். அவன் மெக்கானிக்.

"இடிச்ச வண்டியா? எவ்வளவு நல்லாச் சரிபண்ணியிருந்தாலும் பழைய விலை வராதுக்கா. விடாதே, மூணுல ஒரு பங்கு குறைச்சுக் கேளு!"

கேட்டாள். "மறைச்சு விக்கப் பார்த்தீங்களே, இது நியாயமா?" என்று போட்டுத் தாக்கினாள். விலை மளமளவென்று இறங்கி, அவள் கைப்பணத்துக்கே வந்து நின்றது.

ஜெயித்த குஷியில் காரை நேராகத் தம்பியின் பட்டறைக்கு ஓட்டினாள்.

தம்பி தோகியூன் டிக்கியைத் திறந்து, விரிப்பை விலக்கி, டார்ச் அடித்துப் பார்த்தான். கீழே படுத்தும் பார்த்தான்.

"அக்கா! ஒரு போல்ட்ல கூட ஸ்பேனர் பட்டதில்ல. கம்பெனி பெயின்ட் அப்படியே இருக்கு. இந்த வண்டி எங்கேயும் இடிபடவே இல்ல!"

ஹேரின் படபடப்போடு பெரியவரைக் கூப்பிட்டாள்.

"ஐயா, உங்க கார் இடிபடவே..."

"உஷ்! மெதுவாப் பேசும்மா" என்று கிசுகிசுத்தார் பெரியவர். "நான் தூணுல இடிச்சதை அக்கம்பக்கத்துல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சுட்டு, வீட்டுக்காரி இப்பத்தான் உள்ள வந்தா."