கீழ்த்தளத்து வடிகால்

ஆற்றங்கரையில் ஒரு பெரிய எறும்புப் புற்று இருந்தது. தினமும் காலையில் எல்லா எறும்புகளும் வாசலில் கூடி, "உலகத்திலேயே உயர்ந்தது எங்கள் புற்று" என்று பாடும். ஒருநாள் செவ்வி என்ற எறும்பு மட்டும் பாடாமல் நின்றாள்.

"ஏன் பாடலை?" என்று வாசல் காவலன் திண்ணன் கேட்டான்.

"கீழ்த்தளத்துல தண்ணி கசியுது அண்ணே. அங்க இருக்கிறவங்க முட்டையெல்லாம் நனையுது. வடிகால் தோண்டணும்னு சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன். யாரும் காதுல வாங்கலை."

"புத்தையே குறை சொல்றியா? பிடிக்கலைன்னா பக்கத்துப் புத்துக்குப் போயிடு."

"பக்கத்துப் புத்து ஒழுகினா நான் ஏன் கத்தப் போறேன்? இது என் புத்து."

திண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். செவ்வி கீழ்த்தளத்தாரைச் சேர்த்துக்கொண்டு தானே தோண்டத் தொடங்கினாள்.

மறுநாள் மதியம் மழை கொட்டியது. வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் மேலே ஓடினார்கள். செவ்வி சொன்னது உறுத்திக்கொண்டே இருந்ததால் திண்ணன் மட்டும் கீழே இறங்கினான். அங்கே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வடிகால் திறக்க இன்னும் கொஞ்சம் மண்தான் பாக்கி. செவ்வியும் கீழ்த்தளத்தாரும் அதோடு மல்லாடிக்கொண்டிருந்தார்கள். திண்ணன் தன் பெரிய தாடையால் அந்த மண்ணைக் கடித்துப் பெயர்த்தான். தண்ணீர் ஆற்றுப் பக்கம் சலசலவென்று ஓடியது. ஒரு முட்டைகூட அடித்துச் செல்லப்படவில்லை. கீழ்த்தளத்தார் எல்லோருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

களைத்துப்போய் உட்கார்ந்திருந்த செவ்வியிடம் திண்ணன் மெல்லச் சொன்னான்:

"மேற்குச் சுவர்ல ஒரு விரிசல் இருக்கு. எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன். நீ கொஞ்சம் பக்கத்துல நில்லு."