புளியமரத்தடியில் நாலு நாள்

"உன் புள்ள பி.ஏ. பரீட்சைக்கு மெட்ராஸ் போனான்னா சொல்ற? நல்லா சொன்னே போ. இதோ, இஸ்கூலு வாசல்ல கீதே புளியமரம், அதுக்குக் கீழதான் நாலு நாளும் குந்திக்கினு இருந்தான். நான்தான் டீ குடுத்தேன்."

பொன்னேரியில் டீக்கடை வைத்திருக்கும் துளசிராமன் இப்படிப் போட்டு உடைத்ததும், குப்புராஜ் பாதி டீயோடு கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்று வருஷப் படிப்பு. இது ஐந்தாவது வருஷம். சரித்திரம் எடுத்த மகன் சுப்பிரமணி இரண்டு தடவை இங்கிலீஷில் கோட்டை விட்டிருந்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலோ கம்பெனி மேல் கம்பெனியாக வருகிறது. பி.ஏ. என்றால் ஃபேனுக்குக் கீழே வேலை.

அந்த ஆசையில்தான் குப்புராஜ் வீட்டில் சட்டமே போட்டார். பிள்ளை படிக்கும்போது தூங்கி வழியாமல் இருக்க மருமகள் செல்வி பக்கத்திலேயே உட்கார வேண்டும். அடுப்படிக்கோ கழனிக்கோ அவளை யாரும் கூப்பிடக் கூடாது. பரீட்சை அன்றைக்கு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு அவளும் கூடப் போக வேண்டும். மெட்ராஸ் ரயிலில் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டதே அவர்தான்.

இவ்வளவும் பண்ணி, துரை நடுவழியில் இறங்கி மரத்தடியில் காற்று வாங்கியிருக்கிறார். நேற்று பேப்பரில் அவன் நம்பரைக் காணோம். எப்படி இருக்கும்?

அடுத்த ரயிலிலேயே குப்புராஜ் வீடு வந்து சேர்ந்தார். உள்ளே மகனும் மருமகளும் புத்தகமும் கையுமாக இருந்தார்கள்.

"பொன்னேரில இன்னாடா வேல உனக்கு?"

சுப்பிரமணி புத்தகத்தை மூடி வைத்தான்.

"வாயத் தொறடா. பரீட்சை எழுதாதவனுக்கு எதுக்குடா கேரியரு? உங்கம்மா விடியறதுக்குள்ள எழுந்து ஆக்கிக் குடுத்தாளே, அந்தச் சோத்த யாருடா துன்னது?"

"செல்விதான், நைனா. எழுதி முடிச்சி வெளிய வந்து துன்னா."

"எத எழுதி?"

செல்வி எழுந்து நின்றாள். "எஸ்.எஸ்.எல்.சி., மாமா. கல்யாணத்தப்போ பாதியில நின்னு போச்சில்ல, அது."

"அவ படிக்கட்டும்னு அன்னிக்கே கேட்டேன், நைனா," என்றான் சுப்பிரமணி. "கட்டிக் குடுத்த பொண்ணுக்குப் படிப்பு ஒரு கேடான்னு கேட்டே. அவளத் தனியா அனுப்புவியா நீ? எனக்கும் அதே வாரம்தான் பரீட்சை. அதான் அவள பொன்னேரி இஸ்கூலுக்குள்ள அனுப்பிட்டு நான் கேரியரோட குந்திக்கினேன். முந்தின ரெண்டு வாட்டி நெஜமாவே ஃபெயிலுதான், அதுக்கு அவ மேல பழி போட மாட்டேன்."

குப்புராஜ் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கேடா என்று கேட்டது அவர் வாய்தான். இப்போது நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

"பாஸாம்மா?"

"கணக்கு மட்டும் போச்சு, மாமா. அக்டோபர்ல எழுதணும்."

அதற்குள் கழனியிலிருந்து திரும்பி அடுப்படிக்குள் நுழைந்த அவர் மனைவி முத்தம்மாள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "இந்த வாட்டியும் ஃபெயிலாமே உன் புள்ள. படிச்சுக் கிழிச்சது போதும். அவள களை புடுங்க அனுப்புய்யா."

"அனுப்ப முடியாது," என்று குப்புராஜ் உரக்கச் சொன்னார். "உன் புள்ள கணக்குல ஃபெயிலு. அக்டோபர் வரைக்கும் அவ பக்கத்துலயே குந்தணும்."

சரித்திரப் படிப்பில் கணக்கு ஏது என்று கேட்க முத்தம்மாளுக்குத் தெரியவில்லை. ஏதோ முணுமுணுத்துவிட்டு அடுப்பை ஊதப் போனாள்.

குப்புராஜ் மகன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்டோபர்ல மரத்தடியில நான் குந்திக்கறேன். நீ மெட்ராஸ் போயி உன் பரீட்சைய எழுதித் தொலை."