தொட்டுப் பார்த்தவர்

"மூச்சை நல்லா இழுத்து விடுங்க சார். இப்ப எச்சிலை முழுங்குங்க."

கழுத்தைச் சுற்றி வந்த விரல்கள் இடப்பக்கம் வந்ததும் நின்றுவிட்டன.

"இந்தக் கட்டி எத்தனை நாளா இருக்கு?"

"கட்டியா? எனக்கா?"

"போன வருஷம் நீங்க வந்தப்போ இல்லையே!" பழைய நோட்டின் பக்கங்கள் புரண்டன. "ஆளும் மெலிஞ்சிருக்கீங்க."

"போன மாசம்தானே ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்தேன்! எல்லாமே நார்மல்."

"யாராவது தொட்டுப் பார்த்தாங்களா?"

அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என் மச்சானுக்கும் இப்படித்தான் பட்டாணி அளவுல ஆரம்பிச்சுது. உடனே காட்டிடுங்க சார்."

"மச்சான் இப்ப எப்படி இருக்கார்?"

முழுங்கும்போது காலர் இறுக்குமா என்று பார்த்த அளவு டேப்பைத் தையற்காரர் சுருட்டினார். "கோட்டு வெள்ளிக்கிழமைதானே வேணும் டாக்டர்?"

தலைமை மருத்துவர் தலையாட்டினார். நோயாளியின் மேல் கைபடாமலே வைத்தியம் பார்க்கும் மருத்துவமனையை நடத்துவதற்காக அவருக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் விருது.

கண்ணாடி முன் நின்று கழுத்தைத் தடவினார். பல வருடங்களாக எந்தக் கழுத்தையும் தொடாத விரல்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"அது எந்த இடம்? இன்னொரு தடவை தொட்டுக் காட்டுங்களேன்," என்றார் தையற்காரரிடம்.